ஊசியக்காவின் ஹெல்மெட்

ஊசியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். பதினேழு வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ஒருத்தியை, கதவைத் திறக்கிறவர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? எண்பது வயதுக்காரரும் ஊசியக்கா என்பார், எட்டு வயதுப் பிள்ளையும் ஊசியக்கா என்னும். அவளுடைய வீட்டுக்காரரே ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டார் என்று மகள் ஒரு கதை சொல்லித் திரிகிறாள். அவர் இதுவரை மறுத்ததில்லை.

வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். மாடி மாடியாக உயர்ந்த கட்டடங்களில் நின்றுபோன லிப்டுகளை மறுபடி ஓட வைப்பவர். அக்கம்பக்கத்தில் அவருக்கு லிப்ட்காரர் என்றே பெயர். பேச்சில் மகா சிக்கனம். பத்துக் கேள்வி கேட்டால் மூன்றுக்குப் பதில் வரும். அதிலும் இரண்டு வெறும் தலையாட்டல். ஆனால் மனைவியைப் பற்றி யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். இந்தக் கதை அவளைப் பற்றியதுதான். என்றாலும் அவளை முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவர் பக்கத்தில் நின்றுதான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஊசியக்காவின் வேலை நேர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ஊசியைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். மூட்டுவலியா, மருமகள் சண்டையா, மாடியில் ஒழுகுகிறதா, எது கிடைக்கிறதோ அது. பேச்சோடு பேச்சாக முழங்கையின் உள்பக்கத்தை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். மேல் கையில் ரப்பர் பட்டை கட்டுவதிலும் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. கட்டி முடித்ததும் பட்டைக்கும் கைக்கும் நடுவில் தன் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பாள். நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டுவாள். வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி இருக்கும், அதை நெரிக்கக்கூடாது என்பது அவளுக்குக் கட்டளை மாதிரி. முதல் குத்தில் நரம்பு அகப்படாவிட்டால், உங்க நரம்பு சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் தப்பாக் குத்திட்டேன் என்பாள்.

ஒரு சமயம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டு லேபுக்கு வந்தவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டோமோ? யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. அவள் இரண்டு குழாயையும் தனியே எடுத்து வைத்துவிட்டு நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அப்புறம் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். அவர்கள் அதற்குள் சாப்பிட்டுவிட்டதால் மறுநாள் காலை மறுபடி வெறும் வயிற்றோடு இருக்கவேண்டியதாயிற்று. மேனேஜர் கத்தினார், வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். லிப்ட்காரர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தன் வேலையிடத்தில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்து இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார் என்பது அவளுக்கு ஆறு மாசம் கழித்து, அதுவும் வேறு யாரோ சொல்லித்தான் தெரியவந்தது.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பத்தொன்பது வருஷமாக ஒரு இருசக்கர வண்டி கிடையாது. காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. லிப்ட்காரருக்கு ஒரு தம்பி இருந்தான். அண்ணனின் பைக்கை வாங்கிக்கொண்டு, அண்ணனின் ஹெல்மெட்டையே தலையில் மாட்டிக்கொண்டு ஒரு மதியம் வெளியே போனான். அண்ணன் தலை பெரிது. ஹெல்மெட் தம்பிக்கு ஒரு சுற்று அதிகம். ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கியது. வார் மாட்டியிருந்தும், அவன் தலை தரையில் படுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்றுவிட்டது. ஆள் பிழைக்கவில்லை. ஹெல்மெட் இல்லாமல் போனான் என்றால் அவன்மேல் கோபப்பட்டாவது ஆறியிருக்கலாம். போட்டுக்கொண்டுதான் போனான். கொடுத்தவர் இவர். அன்றையோடு சரி, அதன் பிறகு லிப்ட்காரர் பைக்கில் ஏறவே இல்லை, பின் இருக்கையில்கூட. பேருந்து, இல்லாவிட்டால் நடை.

ஊசியக்காவின் வட்டாரத்தில் மேட்டு வீடுகள் என்று ஒரு பகுதி உண்டு. பன்னிரண்டு வீடுகள், அவற்றில் ஒன்பதில் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள். இத்தனை நாளும் அவள் கடைசி நிறுத்தம் வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேருந்து அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். எடுத்த ரத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்தாகவேண்டும்; நடந்து போய்வந்தால் நடக்காத காரியம். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: லேபின் பைக் சும்மாதான் நிற்கிறது, இரண்டு மாசத்தில் கற்றுக்கொண்டால் மேட்டு வீடுகள் உங்களுக்கே. இல்லாவிட்டால் வேறு ஆளை அனுப்பிவிட்டு உங்களைக் கவுன்டரில் உட்கார வைத்துவிடுகிறேன்.

கவுன்டர் என்றால் நாற்காலி, மின்விசிறி, கண்ணாடித் தடுப்பு. வேறொருத்தியாக இருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். ஊசியக்காவுக்கு அதைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது. அங்கே வருகிறவர்கள் சீட்டை நீட்டுவார்கள், கையை நீட்டுவார்கள், எழுந்து போய்விடுவார்கள். அவளுக்கு வீடு வேண்டும், கட்டிலோரம் வேண்டும், எப்படிம்மா இருக்கீங்க என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கடைசிவரை கேட்க நேரம் வேண்டும். நாற்பத்தாறு வயதில் பைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது லிப்ட்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். அவள் அவரை நெருக்கவில்லை. "நான் கத்துக்கறேன். லைசென்ஸும் எடுக்கறேன். ஆனா உங்க வாயால சரின்னு வராம ரோட்டுல வண்டிய எடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அது வெறும் பேச்சல்ல என்று அவருக்குத் தெரியும். அவளை மேட்டு வீடுகளிலிருந்து இழுத்துக் கவுன்டரில் கட்டிப்போடுவது இனி மேனேஜர் இல்லை, தான்தான்.

லேபின் பின்பக்க முற்றத்தில், லேப் டிரைவர் சொல்லிக்கொடுக்க, தினமும் வேலை முடிந்ததும் பழகினாள். முதல் வாரம் கிளட்சை விடத் தெரியாமல் வண்டி ஆடு மாதிரி துள்ளியது. இரண்டாம் வாரம் சுவரோரம் இருந்த குப்பைத் தொட்டியைச் சாய்த்தாள். லைசென்ஸ் சோதனையில் எட்டுப் போடும்போது ஒரு தடவை காலை ஊன்றிவிட்டதால் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை ஊன்றாமல் போட்டு முடித்து வாங்கிவந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறை நடுவில் நின்று அந்த எட்டை நடந்தே போட்டுக் காட்டினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். லிப்ட்காரருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விழுங்கிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பாக்கி இருந்தது ஹெல்மெட். மேனேஜர் வைத்த இரண்டு மாசக் கெடு முடிகிற திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஊசியக்கா தனியாகக் கடைக்குப் போனாள். அவரைக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. ஹெல்மெட் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்கக் கூசுகிறவரைச் சுவரெல்லாம் ஹெல்மெட் தொங்கும் கடைக்கு எப்படிக் கூட்டிப்போவது?

கடையை நடத்துவது ஒரு பெண்மணி. முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க நிற்பாள். ஊசியக்கா தன் சங்கடத்தைச் சொன்னாள். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் போட்டால் பன்னிரண்டு வாசலிலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, மறுபடி கண்ணாடியை மாட்டவேண்டும். கழற்றாமல் வாசலில் நின்றாலோ, கொள்ளைக்காரி என்று கதவைத் திறக்கமாட்டார்கள். முகம் திறந்த ஹெல்மெட் வாங்கலாம் என்றால், லேப் டிரைவர் தன் தாடையில் இருக்கும் தையலைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார். கடைக்காரம்மா தாடைப் பகுதியை மட்டும் மேலே தூக்குகிற ஒரு ஹெல்மெட்டை எடுத்து வைத்தாள். மாடுலர் என்று பெயராம். பொத்தானை அழுத்தினால் தாடைப் பகுதி மேலே போய் முழு முகமும் தெரியும்; இழுத்து மூடினால் முழு ஹெல்மெட். ஆனால் வாசலில் நிற்கும்போதுதான் தூக்கலாம், ஓட்டும்போது மூடித்தான் இருக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். ஊசியக்காவுக்குத் தனக்காகவே செய்துவைத்த மாதிரி இருந்தது.

அதுவரை எல்லாம் சரி. அடுத்ததுதான் கோளாறு. கடைக்காரம்மா புருவத்துக்கு மேலே நாடாவைச் சுற்றி அளந்து, அளவுக்கு ஏற்றதை மாட்டிவிட்டாள். கன்னம் இரண்டும் அமுங்கி, ஊசியக்காவின் வாய் குவிந்துகொண்டது. உடனே பழக்க தோஷத்தில் இரண்டு விரலைக் கன்னத்துக்கும் பஞ்சுக்கும் நடுவில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. பதினேழு வருஷக் கை அது. விரல் நுழையாவிட்டால் இறுக்கம் என்று அதற்குத் தெரியும். அடுத்த பெரிய அளவைக் கேட்டாள். அதில் இரண்டு விரலும் வழுக்கிக்கொண்டு போயின. இதுதான் என்றாள். கொஞ்சம் தளர்வா இருக்கே என்று கடைக்காரம்மா இழுத்தாள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள். இறுக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள் ஊசியக்கா. ஊருக்கெல்லாம் கட்டு அவிழ்த்துப் பார்க்கிறவள், ஊரில் பாதிப் பேர் செய்கிற அதே தப்பைச் செய்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் மகள் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, விண்வெளிக்குப் போகிறவள் மாதிரி கூடத்தில் மிதந்து மிதந்து நடந்தாள். "எனக்கும் கரெக்டா இருக்கும்மா, வீட்டுக்கே ஒண்ணு போதும்" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த லிப்ட்காரர் பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். மகளுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேபின் முற்றத்தில் கடைசிப் பயிற்சி. ஊசியக்கா வேகமெடுத்து வரும்போது குறுக்கே ஒரு நாய் ஓடியது. பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றது, ஹெல்மெட் நிற்கவில்லை. முன்னால் சரிந்து மூக்குக் கண்ணாடியை அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. இரண்டு மூச்சு நேரம் உள்ளே இருக்கிற துணியைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை. காலை ஊன்றி, ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுப் பார்த்தபோது நாய் போய்விட்டிருந்தது. டிரைவர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் யாரும் இல்லை.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். அவருக்குத் தெரியவே வேண்டாம். தெரிந்தால் இந்த ஜென்மத்தில் சரி என்று சொல்லமாட்டார். சொல்லாததற்கு யாரும் அவரைக் குறை சொல்லவும் முடியாது. மேட்டு வீடுகளைக் காப்பாற்றிக்கொள்ள அவள் செய்யவேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். இந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவள் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. திருப்புளிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். நாய் வந்தது, பிரேக் போட்டது, கண் மறைந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்காரம்மா தளர்வு என்று சொன்னதையும், தான் கேட்காததையும் சொன்னாள். "தப்பு என்னோடதுங்க. பெருசா வாங்கிட்டேன்" என்று முடித்தாள்.

லிப்ட்காரரின் கை நின்றுவிட்டது. பெருசு என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் தம்பி நினைவுக்கு வந்துவிட்டான். திருப்புளியைக் கீழே வைத்தார். இவள் ஏன் இதை என்னிடம் வந்து சொல்கிறாள் என்று முதலில் கோபம் வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்குமே என்று நினைத்தார். அப்புறம் அவருக்கே அது எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. தனக்கு எது நஷ்டம் என்று தெரிந்தே வந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்படி ஒருத்தியிடம் பயத்தைக் காட்டி என்ன பிரயோசனம்?

எழுந்து போய் அந்த ஹெல்மெட்டை எடுத்துவந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் கை தொட்ட முதல் ஹெல்மெட் அது. அவளுக்கு மாட்டி, வாரைக் கட்டி, இரண்டு பக்கமும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினார். ஹெல்மெட் திரும்பியது. உள்ளே அவள் முகம் அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நான் வர்றேன், கடைக்கு" என்றார்.

சனிக்கிழமை காலை, கடை வாசலில் லிப்ட்காரரின் கால் ஒரு கணம் தயங்கியது. ஊசியக்கா திரும்பிப் பார்க்காமல் முன்னால் போனாள். பார்த்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். அவர் தானாகவே உள்ளே வந்து சேர்ந்தார். நடந்ததை ஊசியக்கா கடைக்காரம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். கடைக்காரம்மா நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிக்காத நல்ல மனுஷி. ஹெல்மெட் இன்னும் கீழே விழாததால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றாள். விரலை எங்கே விட்டுப் பார்க்கவேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொன்னாள். "அந்த ரெண்டு விரல் கணக்கு தாடைக்குக் கீழ இருக்கிற வாருக்குத்தான்க்கா. கன்னத்துல விரலே போகக் கூடாது. புதுசுல குண்டுக் குழந்தை மாதிரிதான் கன்னம் இருக்கணும். பஞ்சு பழகப் பழகக் கொஞ்சம் இளகும்."

முதலில் அளந்து மாட்டிய சின்ன அளவையே கடைக்காரம்மா மறுபடி மாட்டிவிட்டாள். கண்ணாடியை என்ன செய்வது என்றால், தாடைப் பகுதியைத் தூக்கிவைத்துக்கொண்டு கண்ணாடியின் காம்புகளை நேராக உள்ளே செருகி, பிறகு மூடவேண்டும். அது அழகாக உட்கார்ந்தது. இப்படியே இருபது நிமிஷம் உட்காருங்கள் என்று நாற்காலியைப் போட்டாள் கடைக்காரம்மா. ஊசியக்கா தலையில் ஹெல்மெட்டோடு, கையை மடியில் கோத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள். கடைக்கு வந்து போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் அவர்களுக்கு வணக்கம் சொன்னாள்.

இருபது நிமிஷம் ஆனதும் வலிக்குதா என்று கடைக்காரம்மா கேட்டாள். இல்லை என்றாள் ஊசியக்கா. லிப்ட்காரர் அதை நம்பவில்லை. அடுத்தவர் வலியை விரல் நுனியில் கண்டுபிடிக்கிறவள், தன் வலி என்று வந்தால் வாய் கூசாமல் பொய் சொல்வாள். அவரே ஹெல்மெட்டைக் கழற்றி அவள் நெற்றியைப் பார்த்தார். நடு நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. கன்னம் அமுங்குவது வேறு, நெற்றியில் ஒரே இடத்தில் குத்துவது வேறு என்றாள் கடைக்காரம்மா. அளவு சரிதான், ஹெல்மெட்டின் வடிவம் இந்தத் தலைக்கு ஆகாது. இந்த அக்காவுடைய தலை முன்னும் பின்னும் நீளம்.

வேறு ஒரு மாதிரி வந்தது. அதே அளவு, உள்ளே கொஞ்சம் நீளவாக்கு. மறுபடி இருபது நிமிஷம். இந்தத் தடவை லிப்ட்காரர் அவள் எதிரில் நின்று, தாடைப் பகுதியைத் தூக்கவும் மூடவுமாக இருந்தார். அது அவர் ராஜ்ஜியம். சாத்திய கதவும் பூட்டிய கதவும் ஒன்றல்ல என்று லிப்டுகளோடு மாரடித்தே தெரிந்துகொண்டவர். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கிளிக் சத்தம் ஒன்றா இரண்டா என்று கேட்டார். நடுவில் ஒரு தடவை இடது பக்கத்தை மட்டும் அழுத்தி மூடியபோது, மூடியமாதிரி தெரிந்தது, ஆனால் வலது பக்கம் பூட்டவில்லை. அவர் மெல்லத் தூக்கியதும் கையோடு வந்தது. கடைக்காரம்மா ஒத்துக்கொண்டாள், நடுவில் பிடித்து ஒரே அழுத்தாக மூடவேண்டும், மூடியதும் கையால் ஒரு தடவை மேலே தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். ஊசியக்காவை இருபது தடவையாவது மூடித் தள்ள வைத்தார் மனிதர். அவள் முகம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. தெரிந்த ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கழற்றிப் பார்த்தார். நெற்றியில் எங்கும் சிவப்பு இல்லை. திரும்ப மாட்டி, இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பினார். ஹெல்மெட்டோடு அவள் கன்னத்துத் தோலும், முகமும், தோளும் சேர்ந்து திரும்பின.

கடைசியாக ஒன்று பாக்கி என்றாள் கடைக்காரம்மா. வாரைக் கட்டிக்கொண்டு, பின்னால் ஒருவர் நின்று, பின் விளிம்பில் கையைக் கொடுத்து ஹெல்மெட்டை முன்பக்கமாக உருட்டித் தள்ளவேண்டும். கழன்றால் ஆகாது. நான் தள்ளட்டுமா என்று கேட்டாள். லிப்ட்காரர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மனைவிக்குப் பின்னால் போய் நின்றார்.

அவருடைய பத்து விரலும் விளிம்புக்குக் கீழே போயின. அங்கேயே நின்றன. கடைக்காரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஊசியக்காவுக்கு எல்லாம் தெரியும். அவள் திரும்பவில்லை, ஆறுதலாக எதுவும் சொல்லவும் இல்லை. "மெதுவா எல்லாம் வேண்டாம். நல்லாத் தள்ளுங்க" என்றாள்.

தள்ளினார். ஹெல்மெட் நகரவில்லை, அவள் தலை குனிந்தது. மறுபடி, முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினார். தாடை நெஞ்சில் முட்டியது, கழுத்து வளைந்தது, ஹெல்மெட் தலையை விடவில்லை. போதும் சார் என்றாள் கடைக்காரம்மா. அவர் காதில் அது விழவில்லை. மூன்றாம் தடவையும் தள்ளினார். பிறகு கையை எடுக்காமல், அந்த விளிம்பைப் பிடித்தபடியே நின்று அழுதார். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. கடைக்காரம்மா உள்ளே ஏதோ எடுப்பதுபோல் போய்விட்டாள். ஊசியக்கா குனிந்த தலையை நிமிர்த்தாமல், அவர் ஓயும்வரை அப்படியே நின்றாள்.

"கழறல" என்றார் கடைசியில். கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, அவளுடைய தாடைப் பகுதியைத் தூக்கினார். "திங்கட்கிழமை வண்டிய எடு. சரி."

கடைக்காரம்மா திரும்பி வந்து, இதையே கட்டிவிடட்டுமா என்று கேட்டாள்.

"கட்டுங்க" என்றார் லிப்ட்காரர். கொஞ்சம் தள்ளி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கும் ஒண்ணு பாருங்கம்மா. என் தலைக்கு அளந்து."

ஊசியக்கா அவரைப் பார்த்தாள். "எதுக்குங்க?"

"உன் பின்னாடி உக்காரத்தான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவள் ஊசியக்கா. முறை என்றால் முறைதான். "புதுசா ஓட்டறவ பின்னாடி ஆள் ஏத்தக் கூடாதுங்க. மூணு மாசமாவது போகணும்" என்றாள்.

"பத்தொன்பது வருஷம் நடந்தாச்சு. மூணு மாசம் என்ன" என்று சொல்லிவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தார். கடைக்காரம்மா கழுத்திலிருந்த நாடாவை எடுத்தாள்.